ஒட்டுப் போட்ட கதை

சென்ற ஐப்பசியில், அடைமழை பிடித்துக் கொண்ட ஓர் இரவு. என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. மணி ஒன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன், கூடத்தில் வெளிச்சம் தெரியவே எட்டிப் பார்த்தேன். மடிக்கணினியைத் திறந்து வைத்துக் கொண்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, இன்னும் தூங்கவில்லையா?"

"பேட்ச் உட்கார மாட்டேங்கிறது, மாமா."

எனக்குத் தெரிந்த பேட்ச் ஒன்றே ஒன்றுதான். சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி ஒட்டுகிறார்களே, அது. மழை நாளில் பசை காயாமல் ஒட்டு உட்காராது என்பதும் தெரியும். ஆகவே, "காலையில் வெயில் வந்ததும் ஒட்டிக் கொள்ளேன்" என்று சொல்லிவிட்டேன். பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தூக்கம் கலைந்தது. அவன் சொன்ன விவரத்தில் எனக்கும் தூக்கம் போயிற்று. அதன் பிறகு சில வாரங்கள் அந்த விஷயத்தைத் துருவித் துருவிப் படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். என் சொந்த அனுபவம் ஒன்று இதில் அகப்பட்டுக் கொண்டிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் நாவல் புத்தகமாக வந்தபோது அதில் பிழைகள் மலிந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பட்டியல் போட்டோம். அதில் ஒன்று: 'பக்கம் 112, வரி 9: வரவில்லை என்பதை வந்தாள் என்று திருத்திக் கொள்க.' மரகதம் கோவிலுக்கு வந்தாள் என்று இருக்க வேண்டிய இடம் அது. அவள் வராவிட்டால் அடுத்த அத்தியாயமே கிடையாது.

இரண்டாம் பதிப்பு வேறோர் அச்சகத்தில் தயாராயிற்று. எழுத்தின் அளவை மாற்றினார்கள். புதிதாக ஒரு முன்னுரையும் சேர்ந்தது. பக்கங்களெல்லாம் இடம் பெயர்ந்துவிட்டன. பக்கம் கட்டி முடித்த பிறகு, அச்சகத்தார் யாரோ பழைய பிழை திருத்தப் பட்டியலை எடுத்து வைத்துக் கொண்டு, சிரத்தையாகத் திருத்தியிருக்கிறார். புதிய 112ஆம் பக்கம், 9ஆம் வரியில் இருந்தது வேறொரு கட்டம். தகப்பனார் இறந்த செய்தி கேட்டும் கதாநாயகன் கல்லாக நிற்கிறான். 'அவனுக்கு அழுகை வரவில்லை' என்று நான் எழுதியிருந்தேன். என் துரதிர்ஷ்டம், அந்த வரியிலும் 'வரவில்லை' என்ற சொல் இருந்துவிட்டது. புத்தகம் வெளிவந்தபோது அந்த வாக்கியம், 'அவனுக்கு அழுகை வந்தாள்' என்று ஆகியிருந்தது. மரகதமோ கோவிலுக்கு வராமலே நின்றுவிட்டாள்.

ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டார்: "அழுகை என்ற அந்தப் பெண்மணி பிறகு என்ன ஆனாள்?"

இன்று சிரிக்கிறேன். அன்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நாவலில் நான் மிகவும் பாடுபட்டு எழுதிய இடம் அது ஒன்றுதான்.

இந்தக் கதையை அந்த மழை இரவில் பையனிடம் சொன்னேன். "மாமா, இதுதான்! அப்படியே இதுதான்!" என்று துள்ளினான். கம்ப்யூட்டர் உலகில் பேட்ச் என்பது பிழை திருத்தப் பட்டியலே என்றும், அங்கும் இதே விபத்து நேர்ந்து, அதற்கு ஒருவர் பரிகாரம் கண்டார் என்றும் சொன்னான்.

* * *

'பேட்ச்' என்ற பெயர் வெறும் உவமையாக வந்ததல்ல. ஆரம்பத்தில் அது நிஜமான ஒட்டாகவே இருந்திருக்கிறது. 1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 'மார்க் ஒன்று' என்ற கணக்கிடும் யந்திரம் நிறுவப்பட்டது. 51 அடி நீளம், 8 அடி உயரம். ஹோவர்டு ஐக்கன் என்பவரின் யோசனை, ஐ.பி.எம். கம்பெனியின் வேலைப்பாடு. யந்திரம் செய்ய வேண்டிய காரியங்களை ஒரு நீண்ட காகித நாடாவில் துளைகளாகக் குத்திக் கொடுப்பார்கள். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் என்ன செய்வது? நாடா முழுவதையும் மறுபடி குத்துவது பெரும்பாடு. ஆகவே, அந்தத் துளையின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூடிவிடுவார்கள். அப்படி ஒட்டுப் போட்ட நாடா ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்தேன். பாட்டி கிழிசலுக்குத் துணி வைத்துத் தைத்த பழைய ரவிக்கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு துளைகள் போய் எழுத்துக்கள் வந்தன. மனிதர் படிக்கக் கூடிய சொற்களில் ஆணைகளை வரிசையாக எழுதுகிறார்கள். அதற்கு மூல நிரல் என்று பெயர். அந்த மூலத்தை யந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றிச் சேர்த்துக் கட்டுவதை 'பில்ட்' என்கிறார்கள். எனக்குப் புரிவதற்காகப் பையன் சமையலறைக்கே வந்துவிட்டான்: "மூல நிரல் மாவு, மாமா. பில்ட் என்பது இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றுவது. உப்புப் போதவில்லை என்றால் மாவில்தான் சேர்க்க வேண்டும். வெந்த இட்லிக்குள் உப்பைத் திணிக்க முடியாது."

அதனால்தான் மூலம் யார் கையில் இருக்கிறது என்பது பெரிய கேள்வியாகிறது. பெரும்பாலான வியாபாரிகள் இட்லியை விற்பார்கள். மாவைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். இதற்கு மாறாக ஒரு காரியம், பெல் ஆராய்ச்சிச் சாலையில் 1969இல் பிறந்த யூனிக்ஸ் விஷயத்தில் நடந்தது. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அதை உருவாக்கினார்கள். அவர்களுடைய எஜமானரான ஏ.டி. அண்டு டி. என்ற டெலிபோன் கம்பெனி, 1956இல் ஏற்பட்ட ஒரு சட்ட உடன்படிக்கையின் காரணமாகக் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்கக் கூடாது. ஆகவே, யூனிக்ஸை மூல நிரலோடு சர்வகலாசாலைகளுக்குச் சொற்பத் தொகைக்குக் கொடுத்துவிட்டது. மாவு ஊரெங்கும் போயிற்று. அவரவர் தம் நாக்குக்கு ஏற்ப உப்பும் காரமும் சேர்க்கத் தொடங்கினார்கள்.

இனி, ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவருக்குத் தெரிவிப்பது எப்படி? முழு நிரலையும் அனுப்புவது என்றால், ஒரு கால் புள்ளிக்காக நாவல் முழுவதையும் மறுபடி அச்சிடுவது போலாகும். பெல் ஆராய்ச்சிச் சாலையின் டக்ளஸ் மெக்கில்ராய் இதற்கு வழி கண்டார். இரண்டு பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, வித்தியாசங்களை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுக்கும் 'டிஃப்' என்ற நிரல் 1974இல் வந்தது. அதன் கணித முறையைப் பற்றி ஜேம்ஸ் ஹண்ட் என்பவரும் அவருமாகச் சேர்ந்து 1976இல் ஓர் அறிக்கை எழுதினார்கள்.

ஆனால் அந்தப் பட்டியல் எப்படி இருந்தது தெரியுமா? 'ஏழாம் வரியை எடு. இந்த வரியைப் போடு.' அவ்வளவுதான். சாக்ஷாத் என் பிழை திருத்தப் பக்கமேதான்! பெற்றுக் கொள்கிறவரின் பிரதியில் தலைப்பக்கம் இரண்டு வரி கூடுதலாக இருந்தால் போதும், அழுகை வந்துவிடுவாள்.

இந்த ஆபத்தை உணர்ந்து, கலிபோர்னியாவில் பெர்க்கிலி சர்வகலாசாலையார் 1981இல் ஒரு சீர்திருத்தம் செய்தார்கள். மாற்ற வேண்டிய வரியோடு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில வரிகளையும் சேர்த்துக் கொடுப்பது. 'தகப்பனார் பேச்சு வருகிறதே, அந்த இடமல்ல. கோவில் மணி ஒலிக்கிறதே, அதற்கு அடுத்த வரி' என்று சொல்வது போல. எண்ணை நம்பாதே, அக்கம் பக்கத்தைப் பார் என்பது இதன் தாத்பரியம்.

* * *

அக்கம் பக்கத்தைப் பார்த்துத் திருத்தும் வேலையை மனிதர்களே கையால் செய்து கொண்டிருந்தார்கள். அதை ஒரு நிரலிடம் ஒப்படைத்தவர் லாரி வால். 1985ஆம் வருஷம் மே மாதம், யூனிக்ஸ் அன்பர்கள் செய்தி பரிமாறிக் கொண்ட பொது வலையில் அதை வெளியிட்டார். பெயர் 'பேட்ச்'.

இந்த மனிதரின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவர் படித்தது மொழியியல். எழுத்து வடிவம் இல்லாத ஏதேனும் ஒரு மொழியைத் தேடிப் போய், அதற்கு எழுத்து அமைத்துக் கொடுத்து, பைபிள் முதலிய நூல்களை அந்த மொழியில் பெயர்க்க வேண்டும் என்று அவரும் அவர் மனைவியும் திட்டம் போட்டிருந்தார்கள். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. ஆகவே, கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார். பின்னால், 1987இல், 'பெர்ல்' என்ற நிரல் மொழியை உண்டாக்கிப் புகழ் பெற்றார். வாக்கியம் எங்கே இருக்கிறது என்பதை அதன் சூழ்நிலையிலிருந்து தெரிந்து கொள்ள வேண்டும் என்ற ஞானம், மொழி கற்றவருக்கு இயல்பாக வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய நிரல் வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். திருத்தப் பட்டியல் சொன்ன வரி எண்ணுக்கு முதலில் போகும். அங்கே முன்பின் வரிகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் பதறாது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று தேடிக் கொண்டே போகும். நாற்பது வரி தள்ளி அந்த இடம் அகப்பட்டால், 'நாற்பது வரி தள்ளிக் கிடைத்தது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திருத்தும். அப்படியும் அகப்படாவிட்டால், சுற்று வரிகளில் மேல்கோடியிலும் கீழ்க்கோடியிலும் ஒவ்வொன்றை மறந்துவிட்டுத் தேடும். பிறகு இரண்டிரண்டை மறந்து பார்க்கும். அதற்கு மேல் சாதாரணமாக ஊகம் செய்யாது. 'என்னால் ஆகவில்லை' என்று ஒப்புக் கொண்டு, ஒட்டாத துண்டைத் தனியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும். பழைய மூலத்தின் பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்தி வைக்கும். ஏற்கெனவே செய்த திருத்தத்தையே மறுபடி கொடுத்தால், 'இது முன்பே ஆகிவிட்டதாகத் தெரிகிறதே!' என்று சந்தேகமும் கேட்கும்.

என் இரண்டாம் பதிப்பைத் திருத்தியவருக்கு இதில் கால்வாசி தயக்கம் இருந்திருந்தால் நான் இரண்டு நாள் பட்டினி கிடந்திருக்க வேண்டாம்.

இந்தச் சிறு நிரல் வந்த பிறகு, முன்பின் அறியாதவர்கள் கூடிக் காரியம் செய்வது சுலபமாயிற்று. ஓர் உதாரணம். அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த நிலையத்தில் ராப் மெக்கூல் என்பவர் இணையத்துக்கான ஒரு சர்வர் நிரல் எழுதினார். 1994 நடுவில் அவர் அங்கிருந்து போய்விட்டார். நிரல் அநாதையாக நின்றது. அதைப் பயன்படுத்தியவர்கள் தத்தம் திருத்தங்களைத் தாமே செய்து கொண்டிருந்தார்கள். 1995 பிப்ரவரியில் பிரையன் பெலண்டார்ஃப் முதலிய சிலர் கடிதத் தொடர்பால் ஒன்று சேர்ந்து, ஒட்டுகளையெல்லாம் திரட்டி அந்தப் பழைய மூலத்தின் மேல் போட்டார்கள். அதே ஏப்ரலில் வெளிவந்த அந்த நிரலின் பெயர் 'அப்பாச்சி'. ஆங்கிலத்தில் 'ஏ பேட்சி சர்வர்', அதாவது ஒட்டுப் போட்ட சர்வர், என்பதன் சிலேடை என்பார்கள். அமெரிக்கப் பழங்குடியினரிடம் கொண்ட மரியாதையால் வைத்தது என்றும் சொல்வார்கள். ஒரே வருஷத்துக்குள், உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் இணைய சர்வராக அது ஆயிற்று. ஒட்டுச் சட்டை ராஜ உடையாகிவிட்டது!

* * *

இதுவரை சொன்னது பெருமை. இனி ஆபத்தைச் சொல்ல வேண்டும்.

1993இல் தொடங்கிய 'டெபியன்' என்ற இயக்கத்தார், உலகெங்கும் பலர் எழுதிய நிரல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப் போகும்படி செய்து, இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆசிரியர் எழுதிய மூலத்தை அவர்கள் அப்படியே தொடாமல் வைத்துக் கொள்வார்கள். தம்முடைய ஒட்டுகளைத் தனி அடைவில் வைத்து, எதற்குப் பின் எதைப் போடுவது என்று ஒரு வரிசைப் பட்டியலும் எழுதுவார்கள். கட்டும் வேளையில் அந்த வரிசைப்படி ஒட்டுகள் விழும். பிறகுதான் இட்லித் தட்டு அடுப்பேறும். வரிசை மாறினால் காரியம் கெடும். முதல் ஒட்டு உண்டாக்கிய வரியின் மேல்தான் இரண்டாவது ஒட்டு உட்கார வேண்டியிருக்கும்.

நாகரிகமான ஏற்பாடு. ஆசிரியரின் சொல் எது, பதிப்பாளர் கை வைத்தது எது என்று எவரும் பிரித்துப் பார்க்கலாம். எந்தப் பதிப்பகத்தாராவது எழுத்தாளர்களுக்கு இந்தச் சலுகை அளிப்பார்களானால் அவர்களுக்கு நான் மாலை போடுவேன்.

இவ்வளவு ஒழுங்குக்கு நடுவில்தான் 2006 செப்டம்பரில் அந்த விபரீதம் நேர்ந்தது. 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்பது ரகசியச் சாவிகள் செய்யும் நிரல். நல்ல சாவிக்கு அடிப்படை, யாரும் ஊகிக்க முடியாத எண். அந்த எண்ணுக்காகப் பல இடங்களிலிருந்து தாறுமாறான விவரங்களைச் சேகரித்துக் கலக்குவார்கள். பிழை தேடும் கருவி ஒன்று, அந்த மூலத்தில் ஓரிடத்தைக் காட்டிக் குறை சொல்லிற்று. டெபியனில் அந்த நிரலைப் பராமரித்தவர் பார்த்தார். ஒரே மாதிரியான வரி இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டையும் நீக்கி ஓர் ஒட்டுப் போட்டார். கேட்காமலும் செய்யவில்லை, அந்த நிரலுக்கான கடிதக் குழுவில் விசாரித்தார். தடுத்துச் சொல்வார் யாரும் இல்லை.

அந்த இரண்டு வரிகளில் ஒன்று, போனாலும் நஷ்டமில்லாதது. மற்றொன்றுதான் சேகரித்ததையெல்லாம் உள்ளே ஊற்றும் வாய். அது அடைபட்டதும், எஞ்சியது யந்திரம் ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கும் வரிசை எண் மாத்திரமே. அது 32,768க்கு மேல் போகாது. எண்ணித் தீராத சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வகைக்குச் சுமார் 32,768 சாவிகளே சாத்தியம் என்று ஆயிற்று. ஒரு சின்னப் பட்டணத்தின் ஜனத்தொகை! திருடன் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே போதும். 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரையில், ஏறக்குறைய 20 மாதம், டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டு முதலியவற்றிலும் பூட்டுகள் இந்தக் கதியில் இருந்தன. பிறகு எத்தனையோ பேர் தம் சாவிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே சொல், இரண்டு இடம். ஓரிடத்தில் எடுத்தால் கேடில்லை. இன்னோரிடத்தில் எடுத்தால் உயிரே போகும். ஒட்டு என்னவோ சரியான வரியில், பிசகாமல், அழகாக உட்கார்ந்தது. யந்திரம் அக்கம் பக்கத்தைப் பார்க்கும். ஆனால் அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாதல்லவா? அதை மூலத்தின் ஆசிரியர்கள் நிதானமாகப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒட்டு அவர்களுடைய மூலத்துக்குப் போய்ச் சேரவே இல்லை, டெபியனோடு நின்றுவிட்டது.

2024இல் நடந்தது இதைவிட வேறு ஜாதி. அது பிசகல்ல, வஞ்சகம். 'எக்ஸ்.ஸெட்.' என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரலின் பராமரிப்பில், புனைபெயர் பூண்ட ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்றார். பிறகு, வெளியிட்ட மூட்டையில், கட்டும் வேளையில் மட்டும் விழித்துக் கொள்ளும் ஒரு விஷத்தைப் புதைத்தார். எல்லோரும் பார்க்கும் பொது மூலத்தில் அந்தத் தூண்டுகோல் இல்லை. குறி என்னவென்றால், தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாசற்கதவான இன்னொரு நிரல். அந்த வாசலுக்கும் சுருக்கும் நிரலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் டெபியன் முதலிய சில தொகுப்பாளர்கள், வேறொரு சௌகரியத்துக்காகப் போட்டிருந்த ஓர் ஒட்டு, இரண்டையும் சுற்றி வளைத்து உறவாக்கியிருந்தது. வஞ்சகன் அந்த ஒட்டின் நூலைப் பிடித்துக் கொண்டுதான் ஏறினான்.

ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் யந்திரத்துக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று கவனித்தார். ஏன் என்று துருவினார். 2024 மார்ச் 29ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலான சர்வர்களுக்கு அது போய்ச் சேருமுன் தடுத்தாயிற்று. அரை விநாடி! நம்மில் யார் கணக்கில் வைக்கிறோம்?

* * *

அந்த மழை இரவுக்குத் திரும்புகிறேன். பையனுடைய கம்பெனி, பொது நிரல் ஒன்றில் தங்களுக்கு வேண்டிய மாறுதல்களைப் பன்னிரண்டு ஒட்டுகளாக வைத்திருந்தது. மூலத்தின் புதிய பதிப்பு வந்திருந்தது. அதன் மேல் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே வந்தான். எட்டாவது ஒட்டின் ஒரு துண்டு மட்டும் உட்கார மறுத்தது. மணி இரண்டரைக்கு அந்த இடத்தின் முன்னும் பின்னும் வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தான். நான் காப்பி போட்டுக் கொண்டு வந்தேன்.

"மாமா! அவர்களே இதைத் திருத்திவிட்டார்கள். வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் பழைய வரி அகப்படவில்லை."

"அப்படியானால் என்ன செய்வாய்?"

"நம் துண்டை எடுத்துவிட வேண்டியதுதான். இனி அது தேவையில்லை."

போன வருஷம் இவர்கள் அந்தத் திருத்தத்தை ஆசிரியர்களுக்கு எழுதி அனுப்பியிருந்தார்களாம். பதிலே வரவில்லையாம். அதைச் சொல்லும்போது பையன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சம்பள உயர்வு வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வேலையாக வெளியூர் போயிருந்தபோது அங்கே கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன். எழுத்தாளர்களுக்கு உள்ள கெட்ட வழக்கப்படி என் புத்தகம் இருக்கிறதா என்று தேடினேன். அந்த இரண்டாம் பதிப்பு இருந்தது. அட்டை கிழிந்து, முதுகில் காக்கிக் காகிதம் ஒட்டியிருந்தது. நடுங்கும் கையோடு 112ஆம் பக்கத்தைத் திருப்பினேன். 'வந்தாள்' என்பதை யாரோ பென்சிலால் மெல்ல அடித்து, மேலே 'வரவில்லை' என்று எழுதியிருந்தார்கள். சில பக்கம் தள்ளிப் பார்த்தேன். அங்கே மரகதமும் கோவிலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

மூன்றாம் பதிப்புக்குக் கொடுக்க வேண்டிய திருத்தங்களை அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். பக்க எண் போடவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் இரண்டு வாக்கியம் எழுதி, அந்த இடத்தில் அப்படி இருப்பது எதற்காக என்பதையும் ஒரு வரியில் எழுதினேன்.